மூன்று பக்கமும் ஆறு

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று முறைப்படி கேட்க வேண்டும், கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். இந்த வீட்டில் குறையில்லாமல் இருப்பவை இரண்டுதான்: உன் அத்தானுடைய பசி, என்னுடைய கோபம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடியே. உன் மருமகள் பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள், வீட்டில் நன்றாக எதிர்த்துப் பேசுகிறாள். படிப்பு தன் பக்கத்து ரத்தம், வாய் என் பக்கத்து ரத்தம் என்கிறார் உன் அத்தான். ஐந்தாம் வகுப்புக் கணக்கை கால்குலேட்டரில் போட்டும் தப்பாகச் சொல்கிற மனிதர் அவர்.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுக்காதே. அம்மாவுக்கு நீ அனுப்பிய தைலப் பொட்டலத்தின் பின்பக்கம் விலாசம் இருந்தது, அதைப் பார்த்து எழுதுகிறேன். ஒரு சலவைக் கடையின் மாடியாமே. ஆயிரம் டிகிரி அடுப்பைக் கட்டி ஆண்ட கை, இப்போது ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறது. நல்ல முன்னேற்றம். அங்கேயாவது விழித்திருக்கிறாயா?

அந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. ஒன்றரை வருடமாக உன்னைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் அந்த ஒரு வரிதான். அது தப்பு என்று போன வாரம்தான் தெரிந்தது. அதைச் சொல்வதற்குமுன், நீ எதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாய் என்பதை உனக்கே ஒருமுறை வாசித்துக் காட்டுகிறேன்.

நம் தொழிற்சாலையில் காந்தக் கட்டி வாங்கித் தூக்குக் காந்தம் செய்கிறவர்கள், அதை ஓர் இரும்புத் தகட்டுக் கொட்டகைக்கு விற்றார்கள். அங்கே கிரேனில் தொங்கிய அந்தக் காந்தம், மேலே தூக்கிய தகட்டைப் பாதி வழியில் விட்டுவிட்டது. கீழே நின்ற கிரேன்காரருக்கு வலது காலில் மூன்று விரல் போயிற்று. நம் கட்டிகளில் பாதிப் பலம்தான் இருந்தது என்று தெரிந்ததும் நம் மேலாளர் கூட்டம் போட்டார். அவருக்கு நான் வைத்த பெயர் உனக்கு ஞாபகம் இருக்கும்: பேச்சாளர். மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிறவர். மதியம் ஏற்றும் அடுப்பில் ஆள் தூங்கிவிட்டான், சூடு எகிறிக் காந்தம் கெட்டுப்போயிற்று என்றார். நீ எழுந்து நின்று, ஆமாம், தூங்கிவிட்டேன் என்றாய். அதையே தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாய். மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டாய். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

நான் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? பரீட்சை எழுதிக்கொண்டே தூங்கியவன் நீ. மேலே என் பரிசோதனை அறைக்கு வந்த முதல் தட்டுகளில் எல்லாம் பலம் சரியாகவே இருந்தது, சரி என்று சீட்டில் கையெழுத்தும் போட்டிருந்தேன். கட்டிகளை அடுக்குகிற தட்டுகளில் நாளின் முதல் தட்டு காலை அடுப்பில் வேகும், மற்றவை மதிய அடுப்பில். காலை நல்லது, மதியம் கெட்டது என்றால், மதியம் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டிருப்பாய் என்று எனக்கும் பொருந்திப் போயிற்று. பேச்சாளர் வாயிலிருந்து வந்த ஒன்றை நான் வாழ்நாளில் நம்பியது அந்த ஒரு தடவைதான்.

இப்போது விஷயம். போன வாரம் என் அறைக்குப் புது மெஷின் வந்தது. சின்னக் கட்டியை உள்ளே வைத்தால், தானே காந்தமேற்றி, தானே அளந்து, எண்ணைக் காட்டும். ஓட்டிப் பழக ஒரு துண்டு வேண்டும். நல்ல சரக்கை வெட்ட மனசு வரவில்லை. அந்தக் கிரேன் விவகாரத்தில் திரும்பி வந்த கட்டி ஒன்று என் அறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்கக் கீழே கிடந்தது. ஒன்றரை வருடமாக அதைக் காலால்தான் நகர்த்துவேன். உன்னை நினைத்துக்கொண்டே நகர்த்துவேன். அதை வெட்டுகிறவரிடம் கொடுத்து, பழைய காந்தம் இறங்கச் சூடுகாட்டி, எல்லாப் பக்கமும் சமமாக ஒரு கனசதுரத் துண்டு வெட்டி வாங்கினேன்.

வைத்தேன். ஆறு காட்டியது. நல்லது பன்னிரண்டு காட்டும், இது பாதி, சரி. பிறகு எடுத்துத் துடைத்துத் திரும்ப வைக்கும்போது, கவனிக்காமல் பக்கவாட்டில் வைத்துவிட்டேன். பக்கவாட்டில் வைத்தால் ஒன்றோ ஒன்றரையோதான் காட்ட வேண்டும். ஆறு காட்டியது. மெஷின் கோளாறு என்று விற்றவனைத் திட்டிக்கொண்டே மூன்றாம் பக்கம் திருப்பி வைத்தேன். ஆறு.

மூன்று பக்கமும் ஆறு. நீ அடுப்புக்காரன், உனக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்த வாரம் முழுக்க உன் அத்தானுக்கு விளக்கி விளக்கி அதுவே எனக்கு வாயில் வருகிறது. ஒரு காந்தம் ஏன் இன்னொன்றைவிடப் பலமாக இருக்கிறது என்று கேட்டால் அவர், பெரிதாக இருந்தால் பலம் என்கிறார். பேச்சாளரைக் கேட்டால், சரக்கு ஒசத்தி என்பார். ஒரே பொடி, ஒரே எடை, ஒரே பளபளப்பு, ஆனாலும் ஒன்று இன்னொன்றில் பாதி, அது எப்படி என்று கேட்டால் இரண்டு பேரும் மூக்கைச் சொறிவார்கள். பொடியில் ஒவ்வொரு மணிக்கும் தனக்கென்று ஒரு திசை உண்டு. அச்சில் கொட்டி அமுக்கும்போது சுற்றியிருக்கும் கம்பிச் சுருளில், அதுதான் காயில், மின்சாரம் ஓடினால், அத்தனை மணியும் ஒரே பக்கம் திரும்பும். திரும்பிய நிலையிலேயே அமுக்கிவிட வேண்டும். அதுதான் பலம். காயிலைப் போடாமல் அமுக்கினால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு கல்லாகிவிடும். பிறகு அதை எந்த அடுப்பில் வேகவைத்தாலும், எந்த மந்திரம் போட்டாலும் பாதிப் பலம்தான். எந்தப் பக்கம் வைத்தாலும் அதே பாதி.

இதைக் காட்ட, உன் அத்தானுடைய தீப்பெட்டியைத் தரையில் கொட்டி, பெட்டிக்குள் எல்லாக் குச்சியும் ஒரே பக்கம் பார்க்கிறது, தரையில் பார்க்கிறதா என்று கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, அதுக்கு ஏன் என் தீப்பெட்டியைக் கொட்டினே என்றார்.

சந்தேகம் தீர, நீ நிஜமாகவே அடுப்பில் கெடுத்த கட்டி ஒன்றை எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கருக்கினாயே, ஜன்னலில் வைத்து உன்னைக் கேலி செய்துகொண்டிருந்தோமே, அதுதான். அதையும் வெட்டி வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒன்பது, மற்ற இரண்டு பக்கமும் ஒன்று. சூட்டில் கெட்டால் பலம் குறையும், திசை போகாது. ஆகவே கிரேன்காரரின் காலில் தகட்டைப் போட்டது உன் அடுப்பு இல்லை. அமுக்கு மெஷின். காயில் ஏதோ இரண்டு நாள் பழுதாகிக் கிடந்திருக்கும், சொன்னால் திட்டு விழும் என்று மூடி மறைத்திருப்பார்கள். கீழே இருக்கிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அப்படியானால் நீ ஏன் ஆமாம் என்றாய், மடையா? கத்தினால் நடுங்குகிற பிள்ளை என்று தெரியும். அதற்காகச் செய்யாத தப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்களா?

கிரேன்காரருடைய வழக்கைத் தொழிலாளர் அலுவலகத்தில் ஜூலை முதல் தேதி முடிக்கப்போகிறார்கள். உன் தாளை மேலே வைத்துக் கோப்பைக் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் தூங்கியவன் என்பது உன் பேரோடு ஒட்டிக்கொண்டுவிடும். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எந்த அடுப்பும் உன்னைச் சேர்க்காது. கால் மணிக்கொரு தடவை சூட்டை எழுதி வைப்பாயே, அந்த நோட்டு எங்கே? உன் பெட்டியில்தான் இருக்கும். அன்றைக்கு மதியம் முழுக்க நீ விழித்திருந்தாய் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. உடனே அனுப்பு.

நல்ல புத்தி வரட்டும் என்று வாழ்த்தி,
உன் அக்கா


ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கார்டு வந்தது. கார்டு என்று சொல்வதே மரியாதை. அக்கா, அந்தக் கட்டியைக் குப்பையில் போடு, இந்த விஷயத்தை விட்டுவிடு, அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மருமகளுக்கு அன்பு. இவ்வளவுதான். நான் மூன்று தாள் எழுதினேன், நீ வெந்நீரைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிழித்துப் போட்டுவிட்டாயா? இருக்காது. பழைய பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழிக்க மனசு வராதவன் நீ. வைத்துக்கொண்டே மறைக்கிறாய். வாய்க்குள் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன் என்று அம்மா உன்னைப் பெருமையாகச் சொல்வாள். எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. கடிக்க வேண்டிய இடத்தில் கடிக்காதவனுக்குப் பல் எதற்கு?

இங்கே பேச்சாளர் நாளுக்கு நாள் பெரிய மனிதர் ஆகிறார். உற்பத்தியை இரண்டு மடங்கு ஆக்கினாராம். முதலாளி சட்டம் போட்ட பாராட்டுத் தாள் கொடுத்திருக்கிறார், அதை அவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அதற்கு முன்னால் கொஞ்சம் குனிந்தே உட்காருகிறார், வருகிறவர்களுக்கு மறைக்கக் கூடாது என்று. ஆலை வாசலில் புதுப் பலகை: "நாம் அனைவரும் ஒரே திசையில் நிற்போம்." திறப்பு விழாவில் நாற்பது நிமிடம் பேசினார். காந்தத்தின் பலமே அதன் துகள்களின் ஒற்றுமைதான் என்றார். முந்தானை முடிச்சில் மூன்று பக்கமும் ஆறு காட்டுகிற துண்டை வைத்துக்கொண்டு நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டச் சொன்னார்கள். தட்டினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் தட்டினேன்.

உன் அத்தானிடம் சொன்னால், ஏன் வம்பு என்கிறார். எதற்கும் அவரிடம் இருக்கிற பதில் அதுதான். வீடு தீப்பிடித்தால்கூட, ஏன் வம்பு என்று போர்வையை இழுத்துக்கொள்வார். அவருக்கு வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தாரே, நீ ஓடிப்போன அந்தச் சமயத்தில், அப்போதும் அப்படித்தான். இந்தக் குடும்பத்தை என் ஒரு கையெழுத்தில்தான் ஓட்டினேன். நீயாவது பக்கத்தில் இருப்பாய் என்று பார்த்தால் நீ பஸ் ஏறிவிட்டாய்.

கிரேன்காரருடைய மனைவியைச் சந்தையில் பார்த்தேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றவளிடம், அந்தத் தூங்குமூஞ்சி நல்லா இருப்பானா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உன்னைத்தான் சொன்னாள். கையில் எடுத்த தக்காளியைத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ எழுதமாட்டாய் என்றால் நானே கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை கீழே அமுக்கு மெஷின் அறைக்கு இறங்கிப்போய், அந்த இரண்டு நாள் காயிலுக்கு என்ன ஆயிற்று என்று மெஷின்காரரைக் கேட்கப்போகிறேன். பதினெட்டுப் படி. நான்கு வருடமாக அதில் இறங்கியதில்லை. அவர்களும் ஏறி வருவதில்லை. படி உச்சியில் "எண்ணெய்ச் செருப்போடு மேலே வராதீர்கள்" என்று நான் எழுதி மாட்டிய பலகை உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டையும் தூக்கிக்கொண்டு ஆளாளுக்கு ஏறி வந்து, தரையெல்லாம் கறுப்பு அடித்து, அறையே கொட்டகை மாதிரி இருந்தது. முதல் தட்டு மட்டும் போதும், அதை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள் என்று நான் முறை வகுத்த பிறகுதான் அங்கே மூச்சு விட முடிந்தது. இந்த ஆலையில் ஒழுங்காக நடக்கிற ஒரே முறை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

உனக்கு முதுகெலும்பு சீக்கிரம் முளைக்கட்டும் என்ற ஆசியுடன்,
அக்கா


ஜூன் 26

என் தம்பிக்கு,

அம்மா நலம். எல்லோரும் நலம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தின் தோரணையைப் பார்த்து யாருக்கோ ஏதோ என்று பயப்படுவாய்.

கீழே போனேன். படியில் கைப்பிடியெல்லாம் பிசுபிசுப்பு. முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் இறங்கினேன், பொய் சொல்லவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், யாருப்பா, முதல் தட்டா இறங்கி வந்திருக்கு என்று கேட்டது. மெஷின்காரர் அவசரமாக, உஷ் என்றார். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. இந்த ஆலையில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்தவள் நான். எனக்கு ஒன்று இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை பார்.

காயில் எத்தனை நாள் பழுதாகிக் கிடந்தது என்று அதட்டலாகத்தான் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பழுதா? ஒரு நாளும் இல்லீங்களே. காலையில முதல் தட்டுக்குப் போடுவோம், அதுதானே மேல போகும். அப்புறம் நிறுத்திடுவோம். காயில் போட்டா ஒரு கட்டி அமுக்கற நேரத்துல, போடலைன்னா மூணு அமுக்கலாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. மூணு வருஷமா அப்படித்தானே" என்றார். அந்த விபத்துக்குப் பிறகு இரண்டு மாதம் எல்லாவற்றுக்கும் போட்டார்களாம். அப்புறம் பழைய கதைதானாம். பேச்சாளரின் இரண்டு மடங்கு உற்பத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? என் முறையிலிருந்துதான் வந்தது. நான் எதை மட்டும் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரியும். அதை மட்டும் ஒழுங்காகச் செய்து மேலே அனுப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்ககிட்ட யாரு பேச முடியும்? மேல வராதேன்னு நீங்கதானே போர்டு மாட்டினீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அப்புறம்தான் உன்னைப் பற்றிச் சொன்னார். கூட்டத்துக்கு முந்தின நாள் நீ அங்கே வந்தாயாம். காயிலை நிறுத்திவிட்டா ஓட்டுகிறீர்கள் என்று கேட்டாயாம். ஆமாம் என்றதும் உன் முகம் மாறிவிட்டதாம். "அப்போ எல்லாச் சீட்டுலயும் அக்கா கையெழுத்துதானே இருக்கும்னு கேட்டாரு. நான் ஆமான்னேன். நேராப் போய்ப் படியில உக்காந்துட்டாரு. மதிய சாப்பாட்டுக்குக்கூட எழுந்திரிக்கலை" என்றார்.

எந்தப் படி என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. நாலாவது படி என்று காட்டினார்.

தம்பி, அந்தப் படியில் நான் உட்கார்ந்தேன். எண்ணெயோடுதான் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் உன்னைக் கோழை என்றேன், மடையன் என்றேன், தூங்குமூஞ்சி என்றேன், போன கடிதத்தில் முதுகெலும்பு முளைக்கட்டும் என்று ஆசீர்வாதம் வேறு. உன் அத்தான் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த நேரம், என் கையெழுத்துப் போனால் இந்த வீடு என்ன ஆகும் என்று நீ அந்தப் படியில் யோசித்திருக்கிறாய். யோசித்துவிட்டுத் தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். நான் உடனே நம்புவேன் என்றும் உனக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை. கூடப் பிறந்தவளை அவ்வளவு சரியாக அளந்திருக்கிறாய். மெஷின்கூடத் தேவைப்படவில்லை.

எழுந்து, வேகவைத்துச் சாணை பிடித்து முடித்து வைத்திருந்த அத்தனை தட்டிலிருந்தும் ஒவ்வொரு கட்டி எடுத்து மடியில் போட்டுக்கொண்டு மேலே போனேன். வெட்டி, அளந்தேன். முதல் தட்டு பன்னிரண்டு, ஒன்று, ஒன்று. மற்ற ஒன்பது தட்டும் மூன்று பக்கமும் ஆறு. அவை இன்னொரு தூக்குக் காந்தக்காரருக்கு மறுநாள் போக வேண்டிய பெட்டிகள். பெட்டி ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாக்குக்கட்டியில் பெருக்கல் குறி போட்டுவிட்டு, படி உச்சிக்குப் போய் அந்தப் பலகையைக் கழற்றினேன். ஆணியோடு வந்தது.

பேச்சாளர் ஓடி வந்தார். மூஞ்சியில் ஈயாடவில்லை. அந்த மனிதர் பேசத் திணறி நான் பார்த்தது அன்றுதான். கடைசியில், "அம்மா, நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்றார். இந்த விஷயம் வெளியே போனால் முதலில் மாட்டப்போவது யார் கையெழுத்து என்று நினைத்துப் பார்க்கச் சொன்னார். நினைத்துப் பார்க்க ஒன்றரை வருடம் லேட் என்று சொன்னேன். அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். புது மெஷினை இனி யார் ஓட்டுவார்களோ தெரியாது. பேச்சாளரே ஓட்டட்டும், அது பேச்சைக் கேட்டு எண் காட்டாது.

வாக்குமூலத்தை நானே எழுதினேன். காயிலை நிறுத்தியது மேலாளர், முதல் தட்டு போதும் என்று சொன்னது நான், அடுப்பில் தவறு இல்லை. மூன்று வரி. கிரேன் கட்டியின் துண்டு, நீ கருக்கியதன் துண்டு, முதல் தட்டின் துண்டு, மூன்றையும் காகிதத்தில் மடித்து அதோடு வைத்தேன். உன் அத்தானிடம் காட்டினால் ஏன் வம்பு என்பார் என்று, பதிலுக்கு வாயைத் திறக்கத் தயாராக நின்றேன். அவர் படித்துவிட்டு, "போய்க் குடுத்துட்டு வரலாம், நானும் வரேன்" என்றார். தொழிலாளர் அலுவலகத்தில் நான் உள்ளே இருந்த மூன்று மணி நேரமும் வெளியே வெயிலில் ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். மர நிழல் பத்தடியில் இருந்தது, அதைப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர். ஆனாலும் நின்றார்.

அங்கிருந்து கிரேன்காரர் வீட்டுக்குப் போனோம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார். "அப்போ அந்தத் தம்பி தூங்கவே இல்லையா? நான் ஒன்றரை வருஷமா அவரைத்தானே திட்டிட்டு இருக்கேன்" என்றார். இனிமேல் என்னைத் திட்டுங்கள் என்றேன். அவர் திட்டவில்லை. அவர் மனைவி திட்டினாள், நன்றாகவே திட்டினாள், தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். என் வாழ்நாளில் யாரிடமும் அப்படி நின்றதில்லை, உனக்குத் தெரியும்.

அம்மாவிடம் கடைசியில் சொன்னேன். அவளுக்குக் காந்தமும் தெரியாது, காயிலும் தெரியாது. அவன் தூங்கலையா என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடியும், அவன் தூங்கலைதானே என்று கேட்டாள். சாப்பிடும்போது மூன்றாம் தடவை கேட்டாள். பிறகு உன் தட்டைக் கழுவி வைக்கச் சொன்னாள்.

ஜூலை முதல் தேதி என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. என்ன ஆனாலும் அது என் பங்கு, நீ அதில் கை வைக்காதே. ஒரு தடவை வைத்தது போதும். உன் பேர் சுத்தமாக வேண்டும், அதற்கு என் தாள் மட்டும் போதாது, உன் சூட்டு நோட்டும் வேண்டும் என்று அங்கே இருக்கிற அதிகாரி சொன்னார். அந்த நோட்டை நீ எதற்காக எடுத்துக்கொண்டு போனாய் என்று இப்போது தெரிகிறது. யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்றுதானே?

அதைத் தபாலில் அனுப்பாதே. தபால்காரர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இருந்தாலும் தபாலில் அனுப்பாதே. கையில் எடுத்துக்கொண்டு நீயே வா. எனக்கு உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, எழுதினால் நான்கு விதமாக எழுதிப் பார்த்து நான்கையும் அடித்துவிடுகிறேன். கழற்றிய பலகை அம்மாவின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எந்தச் செருப்போடு வேண்டுமானாலும் ஏறி வா.

முப்பதாம் தேதி சாயங்கால பஸ்ஸில் ஏறினால் காலையில் இங்கே. ஜன்னலோர இடமாகக் கேட்டு வாங்கு. ஏறியதும் வழியெல்லாம் நன்றாகத் தூங்கு, தம்பி. இறங்குமிடத்தில் நான் நிற்பேன், நான் எழுப்புகிறேன்.

இப்படிக்கு,
முதல் தட்டு